தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்

தமிழ் பயில்வார்க்கு ஒரு வழக்கமுண்டு. புதியதொரு சொல்லைக் கண்டால், அதன் பொருளை நிகண்டிலே தேடுவதோடு அமையாது, அச்சொல் எவ்விடத்தில் எக்காரணம்பற்றி வழங்கிற்று என்பதையும் ஆராய்வர். இடமறியாது மனனஞ் செய்த சொல் நாவில் நிற்குமேயன்றி நெஞ்சில் நில்லாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலைப் படிக்கும் மாணவர்க்கும் இஃது ஒக்கும். சட்டம் இயற்றுவது காங்கிரஸ் என்னும் மன்றம். அதனை நடத்துவது குடியரசுத் தலைவர். வழக்குகளில் அதற்குப் பொருள் காண்பது நீதிமன்றம். இம்மூன்று தொழிலும் மூவேறு கைகளில் இருப்பது அதிகாரப் பிரிவினை. ஒரு துறை வரம்பு கடந்தவிடத்து மற்றொன்று அதனைத் தடுத்து நிறுத்துவது தடையும் சமனும் என்று யாமும் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்ததுண்டு. அச்சொற்களுக்குப் பின்னே ஒரு மனிதருடைய வாழ்வு நிற்கின்றது என்பதை யாம் அப்பொழுது அறிந்திலோம். அவரே ஜான் மார்ஷல் என்பவர். மூன்று துறைகளிலும் பணிபுரிந்து, மூன்றனுள் வலிகுன்றியிருந்த நீதித்துறையை ஏனைய இரண்டோடும் ஒப்ப நிறுத்திய அப்பெரியாரின் வரலாற்றை, அவர்தம் நிறையோடு குறையையும் மறையாது, ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

மார்ஷல் 1755-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், வர்ஜீனியாவின் எல்லைப்புறத்துக் காட்டகத்தே, மரங்களை அடுக்கிக் கட்டிய எளிய குடிலொன்றிற் பிறந்தார். அவர் பெற்றோர்க்கு மக்கள் பதினைவர். அவருள் இவரே மூத்தவர். தந்தையார் தாமஸ் மார்ஷல் நிலமளக்குந் தொழிலினர். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு நண்பர். தாயார் மேரி கீத் ஒரு குருவானவரின் மகளார். பள்ளிக்கூடங்கள் அரிதாகிய அவ்விடத்தே தந்தையாரே பெரும்பாலும் ஆசானாய் அமைந்து நல்ல நூல்களிற் சுவையுண்டாகுமாறு செய்தனர்.

இங்கிலாந்தோடு போர் மூண்டபொழுது மார்ஷலுக்கு வயது பத்தொன்பது, எம்மையொத்த பருவம். அவர் தயங்காது சேனையிற் சேர்ந்தார். 1777-ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டனின் படை வாலி போர்ஜ் என்னுமிடத்திற் பாசறை அமைத்துக் குளிர்காலத்தைக் கழித்தது. படைவீரருட் பலர்க்குக் காலணி இல்லை, போர்வை இல்லை, வேளைக்கு உணவும் இல்லை. நாட்டிலே தானியம் இல்லாமலா அவர் வாடினர்? அன்று. அக்காலத்துக் காங்கிரஸ் மன்றத்திற்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. அது மாகாணங்களைக் கேட்கலாம். அவை கொடுக்கலாம், கொடாமலும் இருக்கலாம். அதிகாரமில்லாத அரசின் கீழ்ப் பசித்திருப்பவன் ஏழைப் போர்வீரனே என்பதை மார்ஷல் தம் கண்ணாற் கண்டார். அவர் பிற்காலத்து எழுதிய தீர்ப்புகளுக்கெல்லாம் வித்து அப்பாசறையிலேயே விழுந்ததென யாம் கருதுகின்றோம்.

1780-இல் அவர் வில்லியம் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வைத் என்னும் பேராசிரியரிடம் சில வாரங்களே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1783-இல் மேரி ஆம்ப்ளர் என்னும் நங்கையை மணந்து ரிச்மண்டு நகரில் இல்லறம் நடத்தினார். அவ்வம்மையார் பின்னர் நெடுங்காலம் நோயுற்றிருந்தார். மார்ஷல் அவரை அன்போடு பேணி வந்தார்.

1787-இல் பிலடெல்பியா நகரில் புதிய அரசியலமைப்பு வரையப்பட்டது. அதனை வர்ஜீனியா ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவுசெய்ய மறு ஆண்டில் ரிச்மண்டிற் கூடிய பேரவையில் மார்ஷலும் ஓர் உறுப்பினர். புதிய நீதிமன்றங்கள் மக்களின் உரிமையை விழுங்கிவிடும் என்று அஞ்சியவர்களுக்கு மறுமொழி கூறி, நீதித்துறையே அரசியலமைப்பிற்குக் காவல் என்று அவர் வாதித்தார். 89 பேர் சார்பாகவும் 79 பேர் எதிராகவும் வாக்களிக்க, அமைப்பு நிறைவேறிற்று. பத்து வாக்குகளே இடையில் நின்றன.

மூன்று துறைகளிலும் பணி

1797-இல் மார்ஷல் பிரான்சு தேசத்திற்குத் தூதராகச் சென்றார். அந்நாட்டு அமைச்சரின் ஆட்கள் கையூட்டுக் கேட்டபொழுது, அவரும் உடன்சென்றோரும் கொடுக்க மறுத்தனர். இதனால் அவர் பெயர் நாடெங்கும் பரவிற்று. 1799-இல் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையிற் புகுந்தார். இது சட்டமியற்றுந் துறை. 1800-இல் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் அவரை இராஜாங்கச் செயலராக, அஃதாவது அயல்நாட்டு விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சராக நியமித்தார். இது நிர்வாகத் துறை. 1801-ஆம் ஆண்டு தொடக்கத்தில், சுப்ரீம் கோர்ட்டு எனப்படும் தலைமை நீதிமன்றத்தின் முதல்வர் பதவி ஒழிந்திருந்தது. முன்னர் அப்பதவியை வகித்த ஜான் ஜே என்பவரை ஆடம்ஸ் மீண்டும் அழைத்தபோது, அம்மன்றத்திற்கு வலியும் மதிப்பும் இல்லையென்று அவர் மறுத்துவிட்டார். அதன்பின் அப்பதவி மார்ஷலை அடைந்தது.

ஜே சொல்லியது பொய்யன்று. புதிய தலைநகரில் காங்கிரஸுக்கு மாளிகை உண்டு; குடியரசுத் தலைவருக்கும் மாளிகை உண்டு; தலைமை நீதிமன்றத்திற்கோ தனியே ஒரு கட்டடமும் இல்லை. காங்கிரஸ் மாளிகையின் ஒரு சிற்றறையில் நீதிபதிகள் ஒதுங்கியிருந்தனர். அம்மன்றத்திற்கெனத் தனி மாளிகை எழுந்தது 1935-இலேதான். படையை ஏவுபவர் குடியரசுத் தலைவர்; பொருளை ஒதுக்குவது காங்கிரஸ்; வாளும் இல்லாது பொருளும் இல்லாது, சொல் ஒன்றையே கருவியாகக் கொண்ட துறை மூன்றாவது துறை. அச்சொல்லை மற்றையோர் மதிக்கச் செய்வது எங்ஙனம் என்பதே மார்ஷல் வாழ்நாளெல்லாம் விடைகண்ட வினா.

கொடுக்கப்படாத பத்திரம்

அக்காலத்துத் தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். தாமஸ் ஜெபர்சன் வென்றார். ஜெபர்சன் மார்ஷலுக்கு உறவினர். ஆயினும் அரசியலில் இருவரும் கீரியும் பாம்பும் போன்றவர். பதவி நீங்குமுன் ஆடம்ஸ் தம் கட்சியினர் பலரை நீதிபதிகளாக்கினார். தலைநகர்ப் பகுதியிற் சிறு வழக்குகளைத் தீர்க்க 42 பேரை நியமித்தார். நியமனஞ் செய்வது தலைவரின் உரிமை. அதற்கு இசைவு தருவது செனட் என்னும் மேற்சபையின் உரிமை. தடையும் சமனும் என்னும் தொடர்க்கு இது முதல் எடுத்துக்காட்டு. செனட் இசைந்தது, ஆடம்ஸ் கையெழுத்திட்டார், இராஜாங்கச் செயலர் முத்திரையிட்டார். அச்செயலர் யாவர்? மார்ஷலே! தலைமை நீதிபதியாகப் பெப்ரவரி 4-ஆம் நாள் உறுதிமொழி ஏற்றபின்னும், மார்ச்சு 4-ஆம் நாள்வரை அவர் செயலர் வேலையையும் பார்த்துவந்தார். அதிகாரப் பிரிவினையின் காவலராகப் பின்னர்ப் புகழ்பெற்றவர், ஒரு திங்களளவு இரு துறைகளிலும் ஒருங்கே இருந்தது வியப்பன்றோ?

அவசரத்தில் முத்திரையிட்ட பத்திரங்களிற் சில உரியவர்க்குச் சேராமல் அலுவலகத்திலேயே தங்கின. ஜெபர்சன் பதவியேற்றதும் அவற்றைக் கொடுக்கலாகாது என்று ஆணையிட்டார். பத்திரம் பெறாதவருள் வில்லியம் மார்பரி என்பவர், வேறு மூவரோடு சேர்ந்து, புதிய செயலராகிய ஜேம்ஸ் மாடிசன்மேல் நேரே தலைமை நீதிமன்றத்தில் வழக்கிட்டார். அவர் வேண்டியது மாண்டமஸ் என்னும் ஆணை. இலத்தீன் மொழியில் இச்சொற்குக் கட்டளையிடுகின்றோம் என்பது பொருள். கடமையைச் செய்யாத அரசாங்க அதிகாரியை, அதனைச் செய்க என்று நீதிமன்றம் ஏவுவதே அவ்வாணை.

மார்ஷல் நின்ற நிலை இருபுறமும் நெருப்பாயிருந்தது. ஆணை பிறப்பித்தால் ஜெபர்சன் அதனைக் கிழித்தெறிவார். தடுக்க நீதிமன்றத்திடம் ஒரு காவலனும் இல்லை. பிறப்பியாவிட்டால், அஞ்சினார் என்று உலகம் நகைக்கும். ஜெபர்சன் கட்சியினர் 1802-இல் ஆடம்ஸ் காலத்துப் புது நீதிபதிப் பதவிகளை ஒழித்ததோடு, தலைமை நீதிமன்றம் ஓராண்டிற்குமேற் கூடாதபடியும் சட்டஞ் செய்திருந்தனர்.

1803-ஆம் ஆண்டு பெப்ரவரி 24-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. மார்ஷல் மூன்று வினாக்களை முறையே எழுப்பினார். பத்திரம் பெற மார்பரிக்கு உரிமை உண்டா? உண்டு. உரிமை மீறப்பட்டால் சட்டம் பரிகாரம் அளிக்குமா? அளிக்கும். அப்பரிகாரத்தை இந்நீதிமன்றமே முதலில் அளிக்கலாமா? அளிக்கலாகாது. ஏனெனில், தலைமை நீதிமன்றத்தில் நேரே தொடுக்கத்தக்க வழக்குகள் இவை, கீழ்மன்றங்களினின்று மேல்முறையீடாக வரத்தக்கவை இவை என்று அரசியலமைப்பே வகுத்துள்ளது. 1789-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று, மாண்டமஸ் வழக்குகளையும் நேரே விசாரிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்குத் தந்தது. அரசியலமைப்போ மக்கள் செய்த மூலச்சட்டம். காங்கிரஸின் சட்டம் அதன்கீழ்ப் பிறந்தது. இரண்டும் மாறுபடுமாயின் மூலமே நிற்கும். மாறுபட்ட சட்டம் செல்லாது. செல்லாது என்று உரைப்பது சட்டத்திற்குப் பொருள் காணும் நீதிபதியின் கடமை. இதுவே நீதிமன்ற மறுஆய்வு என்னும் கலைச்சொல்லின் பொருள். ஆங்கிலேயர் காலத்துச் சட்ட நூல்களிலும் அமெரிக்க மாகாண நீதிமன்றங்களிலும் இக்கருத்தின் சாயல் முன்னரே உண்டு. எனினும் தலைமை நீதிமன்றம் காங்கிரஸின் சட்டமொன்றைச் செல்லாதாக்கியது அன்றே முதன்முறை.

இதன் நுட்பத்தை நண்பர்கள் உன்னுக. தமக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சிறு அதிகாரத்தை வேண்டாமென்று துறந்ததன் வாயிலாகவே, பெரியதோர் அதிகாரத்தை அவர் நிலைநாட்டினார். ஜெபர்சன் மீறுவதற்கு அங்கே ஓர் ஆணையும் இல்லை. ஆயினும், தாமே முத்திரையிட்டுத் தாமே அனுப்பத் தவறிய பத்திரத்தின் வழக்கைத் தாமே விசாரித்தது முறையன்று. அவர் ஒதுங்கியிருத்தல் வேண்டும் என்று பிற்காலத்தார் குறைகூறுவர். அக்குறை ஒப்புக்கொள்ளத்தக்கதே.

கூட்டாட்சியின் ஆற்றல்

மார்ஷல் 34 ஆண்டு தலைமை நீதிபதியாய் இருந்தார். முன்பெல்லாம் ஒவ்வொரு நீதிபதியும் தத்தம் கருத்தைத் தனித்தனியே கூறுவர்; அவர் அதனை மாற்றி, நீதிமன்றம் ஒரே குரலாற் பேசும் வழக்கத்தை வலுப்படுத்தினார். நீதிபதிகள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, வழக்குகளைப் பேசித் தீர்த்தனர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளை அவரே எழுதினார்.

அவற்றுள் 1819-இல் எழுதியது ஒன்று சிறப்புடையது. காங்கிரஸ் நிறுவிய பாங்கின் கிளைமேல் மேரிலாந்து மாகாணம் வரி விதித்தது. பாங்கு நிறுவுக என்று அரசியலமைப்பில் ஓரிடத்தும் எழுதவில்லையே என்பது மாகாணத்தின் வாதம். வரி தண்டவும் கடன் வாங்கவும் படையைப் பேணவும் அதிகாரம் எண்ணிக் கூறப்பட்டிருக்க, அவற்றை நிறைவேற்றத் தகுந்த வழியும் அவற்றினுள்ளே அடங்கும் என்று மார்ஷல் விடையிறுத்தார். முன்னவை எண்ணிக் கூறப்பட்ட அதிகாரங்கள். பின்னவை உட்கிடை அதிகாரங்கள். மேலும், வரி விதிக்கும் உரிமை அழிக்கும் உரிமையாகவும் மாறக்கூடுமாதலின், நாடு முழுமைக்கும் உரிய நிலையத்தை ஒரு மாகாணம் வரியினால் நசுக்கலாகாது என்றும் தீர்த்தார். வாலி போர்ஜில் வெறுங்காலோடு நின்ற வீரரை அவர் மறந்திலர்.

எனினும் நீதிமன்றம் ஏற்றதை ஏனைத் துறைகள் விரும்பியே ஆகவேண்டும் என்பதில்லை. அப்பாங்கின் ஆயுளை நீட்டிக்கக் காங்கிரஸ் இயற்றிய மசோதாவை 1832-இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரு ஜாக்சன் ஒப்பாது திருப்பியனுப்பினார். இவ்வுரிமையே வீட்டோ எனப்படுவது. இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் மீண்டும் வாக்களித்தாலன்றி அத்தகைய மசோதா சட்டமாகாது. பாங்கு முடிந்தது.

செரோக்கியர் வழக்கு

மார்ஷலின் முதுமையில் வந்த வழக்கொன்று எம் உள்ளத்தை மிக உருக்கியது. ஜார்ஜியா மாகாணத்தில் செரோக்கியர் என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர். அவருட் பிறந்த செகோயா என்பவர் 1821-ஆம் ஆண்டளவில் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். 1828-இல் அவ்வெழுத்திலேயே பத்திரிகையும் வெளிவந்தது. சாமுவேல் உவூஸ்டர் என்னும் மிஷனெரி அப்பத்திரிகையின் அச்சுவேலைக்குத் துணைநின்றார். வேதாகமத்தை அம்மொழியிற் பெயர்க்கும் பணியிலும் ஈடுபட்டார். செரோக்கியர் நிலத்தின்மேற் கண்வைத்த ஜார்ஜியா, அங்கே வாழும் வெள்ளையர் மாகாண அரசுக்கு உறுதிமொழி கூறி உரிமைச்சீட்டுப் பெறவேண்டும் என்று சட்டஞ் செய்தது. உவூஸ்டரும் எலிசர் பட்லரும் இணங்காது நின்று, 1831-இல் நான்காண்டுக் கடுங்காவல் பெற்றனர்.

வழக்குத் தலைமை நீதிமன்றத்தை எய்தியது. ஜார்ஜியா ஒரு வழக்கறிஞரையேனும் அனுப்பிற்றில்லை. மனைவியாரை முந்திய கிறிஸ்மஸ் நாளில் இழந்து துயருற்றிருந்த மார்ஷல், 1832-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் தீர்ப்பளித்தார். செரோக்கியர் தனியொரு சமுதாயத்தினர். அவரோடு உடன்படிக்கை செய்தது நாட்டின் மத்திய அரசு. அவர் எல்லையுள் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது. மிஷனெரிகளைத் தண்டித்தது தவறு என்பது அதன் சாரம்.

சிறைக்கதவு திறந்ததா? திறக்கவில்லை. ஜார்ஜியா தீர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. ஜாக்சனும் செரோக்கியர்க்குத் துணைவரவில்லை. 1833-ஆம் ஆண்டு ஜனவரியில் மாகாணத் தலைவரின் மன்னிப்பினாலேயே இருவரும் வெளிவந்தனர். நீதிமன்றத்தின் ஆணையினால் அன்று. 1838-ஆம் ஆண்டில் படைவீரர் செரோக்கியரை வீடுகளினின்று வெளியேற்றி மேற்றிசைக்கு ஓட்டினர். கண்ணீர்ப் பாதை என்று பெயர்பெற்ற அவ்வழியிலும் அதற்குமுன் அடைத்துவைத்த முகாம்களிலுமாக ஏறத்தாழ நாலாயிரவர் மாண்டனர் என்பர். வாளும் பொருளும் இல்லாத துறையின் சொல், கேட்பார் உள்ளத்தில் நேர்மை இல்லாதவழி, காற்றிற் கலந்த ஒலியாய் முடியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

நிறையும் குறையும்

ஆறடி உயரமும் தளர்ந்த நடையும் எளிய உடையும் உடையவர் மார்ஷல். ரிச்மண்டுக் கடைத்தெருவில் தாமே பண்டம் வாங்கித் தாமே சுமந்துசெல்வார் என்பர். பகைக்கட்சியினரும் அவரோடு அளவளாவி மகிழ்ந்தனர்.

ஆயின் மறைக்கலாகாத கறையொன்று உண்டு. அவர் தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதை 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி தெளிவாக்கியது. செரோக்கியர் உரிமையைக் கண்ட கண், தம் வயலில் உழைத்தவர் உரிமையைக் காணவில்லை. சிகாகோவிலுள்ள சட்டக்கல்லூரி ஒன்று இதுபற்றி 2021-இல் அவர் பெயரைத் தன் பெயரினின்று நீக்கிற்று. அவர் வகுத்த அதிகாரமும் எப்பொழுதும் நன்மைக்கே பயன்பட்டதன்று. அவருக்குப்பின் அந்நீதிமன்றம் காங்கிரஸின் சட்டமொன்றைத் தள்ளியது 1857-இல். கறுப்பினத்தார் குடிமக்களாகார் என்று உரைத்த கொடுந்தீர்ப்பு அது. போர்க்குப்பின் 1865-இலும் 1868-இலும் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்களே அதனை ஒழித்தன. நீதிமன்றமும் பிழைக்கும், அதற்கும் மேலாவது மக்கள் திருத்தக்கூடிய மூலச்சட்டம்.

அவர் இட்ட வித்து 1974-ஆம் ஆண்டிற் பழுத்தது. குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் மறைத்துவைத்த ஒலிநாடாக்களை ஒப்படைக்கவேண்டும் என்று தலைமை நீதிமன்றம் ஜூலை 24-ஆம் நாள் ஒருமுகமாகத் தீர்த்தது. சேனைக்கெல்லாம் தலைவராகிய அவர் கீழ்ப்படிந்தார். ஆகஸ்டு 9-ஆம் நாள் பதவியைத் துறந்தார். நீதிமன்றத்திற்கு அன்றும் வாள் இல்லை. மக்கள் மதிப்பு இருந்தது. 1832-இல் இல்லாதது அதுவே. உவூஸ்டருக்கும் பட்லருக்கும் இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டு ஜார்ஜியா அவர்களை முற்றும் மன்னித்தது 1992-இல்; அதற்குள் 160 ஆண்டுகள் கடந்துவிட்டன.

மார்ஷல் 1835-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பிலடெல்பியாவில் உயிர்நீத்து, ரிச்மண்டில் மனைவியாரின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர்த் தம் கல்லறையிற் பொறிக்கவேண்டியதைத் தாமே எழுதிவைத்தார். அதில் அவர் இன்னார் மகன் என்பதும், பிறந்த நாளும், மேரியை மணந்த நாளும், இறந்த நாளுமே உள்ளன. தலைமை நீதிபதி என்னும் சொல் இல்லை. அமைச்சர் என்னும் சொல் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர் என்னும் சொல்லும் இல்லை. அரசியற் பாடத்திலே யாம் மனனஞ் செய்த பெருஞ்சொற்களுக்கெல்லாம் பொருள் தந்தவர், அவற்றுள் ஒன்றையேனும் தமக்கென வேண்டினாரல்லர்.